ஆடு குட்டி போடும் நேரம்

(தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் மாலை நேரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீங்க. அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

நம்ம லயங்களில் ஆடு என்றால் வீட்டுச் சேமிப்பு மாதிரி. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவும், அவசரக் கடன் அடைக்கவும் ஒரு கிடாயைத்தான் விற்கிறோம். அந்தச் சேமிப்பு பிறந்த அன்றைக்கே கைவிட்டுப் போகுதே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆடு மார்கழிக் குளிரில் இரண்டு குட்டி போட்டது. சீம்பால் செரிக்காது என்று அதைக் கறந்து கொட்டிவிட்டோம். மூன்றாம் நாள் இரண்டும் செத்துக் கிடந்தன. அம்மா அழுதது இன்னும் ஞாபகம். நாங்கள் செய்த தவறு பிறகுதான் விளங்கியது.

ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள், அதாவது ஐந்து மாதம். கிடாய் சேர்ந்த தேதியைக் கலண்டரில் குறித்து வையுங்க. குட்டி வேகமாக வளர்வது கடைசி ஒன்றரை மாதத்தில்தான். அப்போது பலா இலை, கிளிரிசீடியா, கொஞ்சம் தவிடு, புண்ணாக்கு கொடுங்க. களை மருந்தடித்த மலையில் புல் அறுக்காதீங்க.

மடி இறுகும், வாலடியில் குழி விழும், ஆடு காலால் தரையைச் சுரண்டும். நேரம் நெருங்கியது என்று அர்த்தம். காற்று புகாத மூலையில் காய்ந்த புல்லோ சாக்கோ போடுங்க. முன்னங்கால் இரண்டும் மூக்கும் முதலில் வந்தால் சரி. நன்றாக முக்கியும் ஒரு மணித்தியாலத்தில் குட்டி வராவிட்டால் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்க. சும்மா இழுக்காதீங்க.

குட்டி விழுந்ததும் மூன்று வேலை. மூக்கு வாயைத் துடைத்து, தாயை நக்க விட்டு, சாக்கால் ஈரம் போகத் தேய்க்க வேண்டும். தொப்புள் கொடியை டிங்சர் அயடினில் நனைக்க வேண்டும். முலைக்காம்பை ஒருதரம் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் சீம்பால் குடிக்க விட வேண்டும். நோயைத் தடுக்கும் சக்தி அந்தப் பாலில்தான் இருக்கு. ஒரு நாள் போனால் குட்டியின் குடல் அதை ஏற்காது. இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லிலீற்றராவது போக வேண்டும்.

வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்க. குளிர்ந்திருந்தால் முதலில் சூடு காட்டி, பிறகுதான் பால்.

நஞ்சுக்கொடி 12 மணித்தியாலத்தில் தானாக விழும். விழாவிட்டாலும் வைத்தியரிடம்தான் சொல்ல வேண்டும். விழுந்ததை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்க.

முக்கியமான ஒன்று: கர்ப்பிணித் தாய்மார் ஆட்டுப் பிரசவத்தில் கை வைக்கக் கூடாது. நஞ்சுக்கொடியிலும் செத்துப் பிறந்த குட்டியிலும் இருக்கும் சில கிருமிகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அந்த வேலையை வீட்டு ஆம்பளைங்க எடுத்துச் செய்யுங்க. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்க.

அடுத்த தடவை லயத்துக்கு வரும்போது எனக்குத் துள்ளுற குட்டிகளைக் காட்டுங்க.