கார்ட்ரிட்ஜ் நின்றுபோனாலும் பேனா எழுதும்



கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரி யூதர் தெருவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தைப் பார்த்த கையோடு, அந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் ஏறி இறங்குவார்கள். பித்தளை உருளி, மரப்பெட்டி, கப்பல் விளக்கு என்று அடுக்கியிருக்கும் சாமான்களுக்கு நடுவே பழைய மைப்பேனாவும் கண்ணில் படும். துறைமுக ஊர் அல்லவா? வெளிநாட்டுச் சரக்கோடு வெளிநாட்டுப் பேனாவும் வந்திறங்கிய இடம் அது.

ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி, வீட்டில் கழற்றிப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். சில பேனாக்களில் மை ஊற்ற வழி இருக்காது. கார்ட்ரிட்ஜ் எனப்படும் சின்ன மைக்குழாயை உள்ளே செருக வேண்டும். அந்த அளவுக் குழாயைச் செய்வதையோ நிறுவனம் என்றைக்கோ நிறுத்தியிருக்கும். அதனால் நல்ல நிப்புள்ள பேனா மேசை இழுப்பறையில் வெறுமனே கிடக்கிறது. அதை மறுபடி எழுத வைக்க முடியுமா என்பதே இன்றைய பேச்சு. பெரும்பாலும் முடியும்.

மைப்பேனாவின் உயிர் நிப்பிலும், அதன் அடியில் இருக்கும் நாக்கட்டையிலும் இருக்கிறது. நாக்கட்டையின் மெல்லிய வரிகள் வழியே மை கீழே இறங்க, அதே அளவு காற்று மேலே ஏறுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடந்தால் பேனா எழுதும். மை எந்தக் கலத்தில் இருக்கிறது என்பது அடுத்த கேள்விதான். கலம் போனால் வேறு கலம் தேடலாம்.

கார்ட்ரிட்ஜ் வந்ததே பிற்பாடுதான். தொடக்கத்தில் பேனாவின் கூட்டுக்குள்ளேயே ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை விட்டார்கள். பிறகு உள்ளே ரப்பர் ட்யூப் வைத்து, அதை அமுக்கி மையை உறிஞ்சினார்கள். 1950-களில் வாட்டர்மேன் நிறுவனத்தின் சி/எஃப் பேனாவோடு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் பரவியது. 1960-இல் கார்ட்ரிட்ஜ் செருகும் பார்க்கர் 45 வந்தது. அதை வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இன்று கடையில் விற்கும் பார்க்கர் கார்ட்ரிட்ஜே அதற்குப் பொருந்தும். சி/எஃப் வைத்திருப்பவர்களுக்குத்தான் திண்டாட்டம். அதன் கார்ட்ரிட்ஜ் உற்பத்தி நின்றுவிட்டது.

இனி வழிகளைப் பார்ப்போம். முதல் வேலை கழுவுவது. நிப்புப் பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். நீலம் கரைந்து வரும், தண்ணீரை மாற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், எபோனைட் எனும் கெட்டி ரப்பரின் நிறம் மங்கிவிடும். ஸ்பிரிட்டும் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது கெடுத்துவிடும்.

பேனாவோடு பழைய காலிக் குழாய் ஒன்று கிடைத்திருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் உங்கள் முதல் விடை. அதைக் கழுவி, முனை மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சால் மை நிரப்புங்கள். இப்படிப் பல தடவை பயன்படுத்தலாம். வாய் தளர்ந்து மை கசிந்தால் மட்டும் அதற்கு ஓய்வு கொடுங்கள்.

குழாயே இல்லையென்றால், இன்று கிடைக்கும் வேறு குழாய் பொருந்துகிறதா என்று பாருங்கள். பல ஐரோப்பியப் பேனாக்களுக்குப் பொதுவான ஓர் அளவு உண்டு. பார்க்கர், ஷீஃபர், லாமி, பைலட் ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவு. இறுக்கமாக இருந்தால் பலவந்தமாக அழுத்த வேண்டாம். குழாய் செருகும் மூக்கு உடைந்தால் பேனாவைக் காப்பாற்றுவது கடினம்.

எதுவும் பொருந்தவில்லையா? அந்த மூக்கின் மேல் ரப்பர் அல்லது சிலிக்கோன் ட்யூப் ஒன்றை மாட்டலாம். ட்யூபை ஒட்டப் பேனா பழுது பார்ப்பவர்கள் உலகமெங்கும் பயன்படுத்துவது நம் நாட்டுக் காடுகளில் விளையும் அரக்கைத்தான். அது மையில் கரையாது. மிதமான சூடு காட்டினால் விட்டுவிடும். அதனால் நாளை ட்யூப் கிழிந்தாலும் பேனாவுக்குச் சேதமில்லாமல் மாற்றலாம். கெட்டியாகப் பிடிக்கும் உடனடிப் பசையைத் தொடவே கூடாது. அடுத்தவர் பழுது பார்க்கும் வழியை அது அடைத்துவிடும்.

கடைசி வழி, கூட்டையே மைக்கலமாக்குவது. கூட்டில் துளை இருக்கக் கூடாது, உள்ளே உலோகம் இருக்கக் கூடாது. மறையில் ஓர் ஓ-ரிங் மாட்டி, சிலிக்கோன் கிரீஸ் மெல்லத் தடவி, ஃபில்லரால் மை விட்டு இறுக்குங்கள். மை பாதிக்குக் கீழே இறங்கும் முன் மறுபடி நிரப்புங்கள். உள்ளே காற்று அதிகமானால் கைச்சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளும். கொச்சி, சென்னை போன்ற வெக்கையான ஊர்களில் இது முக்கியம்.

மை விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. பேனாவுக்கென்று விற்கும் மையை மட்டும் ஊற்றுங்கள். படம் வரையும் இந்தியன் இங்க் நாக்கட்டையின் வரிகளை அடைத்துவிடும். நல்ல மைக்கு அலைய வேண்டியதில்லை. கேரளத்திலேயே கிருஷ்ணா என்ற பெயரில் கையால் மை தயாரிக்கிறார்கள்.

கூட்டையே மைக்கலமாக்கும் அந்தக் கடைசி வழி நமக்குப் புதிதல்ல. ராஜமுந்திரியின் ரத்னம், சென்னையின் காமா, திருவள்ளூரின் ரங்கா ஆகிய பெயர்கள் கூட்டில் மை ஊற்றும் எபோனைட் பேனாவால்தான் புகழ் பெற்றன. ரத்னம் பேனா சுதேசிப் பொருளாகப் பிறந்தது. அதைப் பெற்றுக்கொண்டு 1935-இல் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். எந்த நிறுவனம் எந்தக் குழாயை நிறுத்தினாலும் அந்தப் பேனாக்களுக்குக் கவலையில்லை. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கேரளத்து வீடுகளுக்குக் கொண்டுவந்த சீனத்து ஹீரோ பேனாவும் அப்படியே. அதற்குள்ளேயே அமுக்கும் ட்யூப் இருக்கிறது. அதை விரும்பி வைத்திருந்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்றே சொல்வேன்.

இதையெல்லாம் சொந்தக் கையால் செய்யத் தயக்கமா? தெரிந்தவர்களிடம் கொடுங்கள். திருச்சூரிலும் கொல்கத்தாவிலும் 'பென் ஹாஸ்பிடல்' என்ற பெயரிலேயே பழுது பார்க்கும் கடைகள் அறியப்பட்டவை. இந்தத் தொழிலைக் கற்றவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

எழுதித் தீர்ந்ததும் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பேனாக்கள் குப்பையில் குவிகின்றன. அவற்றைப் பள்ளிகளில் சேகரித்து, மாணவர்களை மைப்பேனாவுக்குத் திருப்பும் முயற்சியைக் கேரள அரசின் ஹரித கேரளம் இயக்கம் கையில் எடுத்தது. மை தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்மிடம் இருந்ததுதான். அது மறுபடி வழக்கமாக வேண்டும்.

நேயர்களே, உங்கள் அப்பாவோ தாத்தாவோ எழுதிய பேனா வீட்டில் எங்காவது கிடந்தால் இன்றே தேடி எடுங்கள். கழற்றித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். குழாய் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நல்ல பேனாவைக் கைவிட்டுவிடாதீர்கள்.