ஒரு பெயர், பல மாந்தர்
(கவரைப்பேட்டையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

  

ஒருவர்க்குப் பெயர் இருமுறை இடப்பெறுகின்றது. முதன்முறை இடுவோர் பெற்றோர், அன்பினால் இடுகின்றனர். இரண்டாம் முறை இடுவது பதிவேடு. அதற்கு அன்பும் தெரியாது, முகமும் தெரியாது. பள்ளிப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், ஆலைப் பெயரேடு, மருத்துவர் பதிவேடு, வழக்கறிஞர் பெயரேடு ஆகிய அத்தனைக்கும் தெரிந்தது எழுத்து ஒன்றே. அவ்வெழுத்துப் பலர்க்கும் ஒன்றாய் அமைந்துவிடின் என்ன நேர்கின்றது? ஒருவர் உழைப்பு மற்றொருவர் கணக்கிற் சேர்கின்றது. ஒருவர் செய்த பிழை மற்றொருவர் தலைமேல் விழுகின்றது. ஒருவர் ஈட்டிய புகழ் மற்றொருவர் வாயிலிற் போய் நிற்கின்றது.

இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்குவார் உளர். இக்கவரைப்பேட்டையில் நின்று பேசுங்கால் அவ்வாறு ஒதுக்க இயலாது. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையும் தொடர்வண்டிப் பாதையும் இவ்வூர் வழியே செல்கின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழில்வளாகம். அதற்கும் அப்பால் ஆந்திர எல்லை. ஆலை வாயிலில் ஒரு வேலைமாற்று நேரத்தில் நின்று பார்த்தால், மூவகைப் பெயர்மரபுகள் ஒரே வரிசையில் நிற்கக் காணலாம். தமிழ்த் தொழிலாளியின் பெயர்க்கு முன்னுள்ள எழுத்து அவர் தந்தையின் பெயரைக் குறிப்பது. தெலுங்குத் தொழிலாளியின் பெயர்க்கு முன்னுள்ள எழுத்து அவர் வீட்டுப்பெயரை, அஃதாவது குடும்பப்பெயரைக் குறிப்பது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிக்கோ குடும்பப்பெயர் பெரும்பாலும் பின்னால் நிற்பது. பார்வைக்கு எல்லாம் பெயர்களே, பொருளோ வேறுவேறு.

இம்மூவர்க்கும் கொடுக்கப்பெறும் படிவம் ஒன்று. அதில் முதற்பெயர், இடைப்பெயர், கடைப்பெயர் என மூன்று கட்டங்கள். இது மேலைநாட்டார் பெயர்மரபுக்கெனத் தைத்த சட்டை. தமிழர்க்குக் குடும்பப்பெயர் என ஒன்று இல்லை. எனவே முருகன் தம் தந்தையார் குப்பனின் பெயரைக் கடைப்பெயர்க் கட்டத்தில் இடுகின்றார். அன்று முதல் ஏட்டின் கண்ணுக்கு அவர் 'குப்பன்' ஆகிவிடுகின்றார். அவருடைய மகன் தன் படிவத்தில் 'முருகன்' ஆகின்றான். மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப்பெயர்! இம்மரபை அறியாத எழுத்தர், தந்தையும் மகனும் ஒரே குடும்பத்தினர்தாமா என்று ஐயுறுகின்றார். ஐயம் அவர்க்கு, அலைச்சல் தொழிலாளிக்கு.

வருங்கால வைப்புநிதிக் கணக்கினுக்கு 2014-ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு இலக்கப் பொது எண் வழங்கப்பெறுகின்றது. ஆலை மாறினும் எண் மாறாது என்பது அதன் பயன். நல்ல ஏற்பாடே. ஆயினும் அவ்வெண்ணுக்குரிய பெயரும் ஆதார் அட்டையிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிடின், வியர்வை சிந்திச் சேர்த்த தொகையைப் பெறுவதில் முட்டுப்பாடு வந்துவிடுகின்றது. ஓரிடத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து, மற்றோரிடத்தில் முழுப்பெயர், வேறோரிடத்தில் அஃது அறவே இல்லை. ஆள் ஒருவரே, ஏட்டில் மூவர். இதற்கு மறுதலையாய், முருகன் என்னும் பெயருடைய மூவர் ஏட்டில் ஒருவராய்த் தோன்றுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் பொதுப்பெயர் மிகுந்ததற்குக் கரணியம் யாது? பெயரின் பின்னொட்டாய் இருந்த சாதிப்பட்டத்தைத் தமிழர் களைந்தமை ஒரு கரணியம். 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய தன்மதிப்பியக்க மாகாண மாநாடு சாதிப்பட்டத்தை விடுமாறு தீர்மானித்தது. அதன்பின் படிப்படியே அவ்வால் அறுந்தது. பெயர் குறுகியது, குறுகவே ஒரே பெயருடையார் தொகையும் பெருகியது. இது நாணத்தக்கதன்று, பெருமைக்குரியது. குழப்பம் தீரவேண்டுமென்று அவ்வாலை மீண்டும் ஒட்டுதல் நோய்க்கு நஞ்சை மருந்தாக்குவது போலாம். மேலும், அவ்வால் ஆளைப் பிரித்துக் காட்டியதும் இல்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு முதலில் ஆசிரியராய் அமர்ந்தவர் இரா. இராகவையங்கார் (1870–1946), பின்னர் ஆசிரியராய் இருந்தவர் மு. இராகவையங்கார் (1878–1960). இதழும் ஒன்று, பணியும் ஒன்று, பெயரும் ஒன்று, பட்டமும் ஒன்று. இவ்விரு பேரறிஞரையும் பிரித்துக் காட்டுவது முன்னிற்கும் ஓரெழுத்தே. சாதிப்பட்டம் செய்ய மாட்டாததைத் தந்தை பெயரின் தமிழ் முதலெழுத்துச் செய்தது.

ஒரு பெயர் பலர்க்கு வருதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கழகக் காலத்திலேயே அது மிகுதி. அக்காலத்தார் அதனை எவ்வாறு தீர்த்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

புறநானூற்றில் பிட்டங்கொற்றன் என்னும் தலைவனைப் பாடிய பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுள் 170-ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தாமோதரனார். 172-ஆம் பாட்டைப் பாடியவர் பெயரும் தாமோதரனார். பாடப்பட்டவன் ஒருவன், பாடியவர் பெயரும் ஒன்று, இடையில் இருப்பது ஒரே பாட்டு. ஏடு பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தால் இருவரும் ஒருவரென்றே உலகம் முடிவு கட்டியிருக்கும். ஏடு அவ்வாறு செய்யவில்லை. முன்னவரை 'உறையூர் மருத்துவன் தாமோதரனார்' என்றது. பின்னவரை 'வடமவண்ணக்கன் தாமோதரனார்' என்றது. ஒருவர் நோய் தீர்ப்பவர். மற்றவர் காசின் தரம் நோக்கும் வண்ணக்கர். தாமோதரன் என்பது வடசொல்லே. ஆயினும் அவ்வடசொற்பெயர் விளைத்த மயக்கத்தைத் தீர்த்தவை மருத்துவன், வண்ணக்கன் என்னும் தமிழ்த் தொழிற்பெயர்கள்!

சாத்தன் என்பது அக்காலத்துப் பெருவழக்கான பெயர். அப்பெயருடைய புலவரை எவ்வாறு அறிவது? மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார் என ஊரும் தொழிலும் பிற அடையும் கூட்டி அறிந்தனர். துணி விற்றவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். தந்தையைக் கொண்டு அறியப்பட்டவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தொழில், தந்தை ஆகிய மூன்றனுள் ஒன்றோ இரண்டோ பெயர்க்கு முன்னின்று ஆளைக் காட்டின.

இவ்வழக்குப் புலவரோடு நில்லாமல் கல்லிலும் ஏறியது. கருவூரை அடுத்த புகழூர்க் குகையிலே, கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் தன் ஊரும் தொழிலும் பெயரும் தோன்றப் பொறித்த பழந்தமிழ்க் கல்வெட்டு உள்ளது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையிலே உப்பு வாணிகன், பொற்கொல்லன் என்றெல்லாம் கொடையாளர் தத்தம் தொழிலொடு குறிக்கப்பெற்றுள்ளனர். அக்கல்வெட்டுகள் ஈராயிரம் ஆண்டளவு பழமையுடையன. இன்றைய மொழியிற் சொன்னால், அவை பொதுமக்கள் பார்வைக்கு வைத்த தொழிற்பதிவேடுகள்.

தொல்காப்பியரும் இதற்கு இலக்கணம் கண்டார். இடத்தால் வரும் பெயரை நிலப்பெயர் என்றும், செய்தொழிலால் வரும் பெயரை வினைப்பெயர் என்றும் வகுத்தார். ஒருவர்க்குச் சிறப்புப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வருங்கால் சிறப்புப்பெயரே முன்னிற்கும் என்று முறையும் வகுத்தார். மருத்துவன் முன்னும் தாமோதரன் பின்னும் நிற்பது இம்முறையாலேயே.

அடை இல்லாவிடத்து என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. ஔவையார் என்னும் பெயர் ஊரின்றி, தொழிலின்றி, தந்தை பெயரின்றித் தனித்து நின்றது. அதியமானைப் பாடியவரும் ஔவையார். பல நூற்றாண்டு பின்னர் ஆத்திசூடி செய்தவரும் ஔவையார். கதை சொல்வோர் இருவரையும் ஒரு மூதாட்டியாக்கிவிட்டனர். எத்தனை ஔவையார் என்று ஆய்வாளர் இன்றும் வழக்காடுகின்றனர். தம் பெயராலேயே தம் அடையாளம் இழந்த பெண்பாற் புலவரின் நிலை இது.

இனி, இன்றைய சட்டத்தைப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு விதி உள்ளது. வேட்பாளர் இருவரோ பலரோ ஒரே பெயருடையராயின், அவர்தம் தொழிலையோ வாழிடத்தையோ சேர்த்து, அல்லது வேறு வகையால், வேறுபடுத்துக என்பது அவ்விதி. மருத்துவன் தாமோதரன், உறையூர்த் தாமோதரன் என்று பழந்தமிழ் ஏடு எழுதிய முறை இதுவேயன்றோ? 2015-ஆம் ஆண்டு முதல் வாக்குப் பொறியில் வேட்பாளர் படமும் சேர்ந்தது. அத்தனை இருந்தும் 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது, அதே பெயரும் அதே முதலெழுத்தும் உடைய வேறு சிலரும் களத்தில் இருந்தனர். ஒரே பெயருடையாரைக் களத்திலிருந்து விலக்கவேண்டுமென்ற வேண்டுகையை உச்சநீதிமன்றம் அவ்வாண்டு மே மாதம் ஏற்கவில்லை. அது முறையே. பெற்றோர் இட்ட பெயருக்காக ஒருவர் உரிமையைப் பறித்தல் ஆகாது. பெயர் ஒன்றாதல் குற்றமன்று. பிரித்துக் காட்டாத பதிவே குறையுடையது.

மருத்துவத் துறையில் இக்குறை உயிரோடு விளையாடும். சென்னை மாகாணத்தில் 1914-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் பதிவுச்சட்டம் வந்தது. ஒவ்வொரு மருத்துவர்க்கும் பதிவெண் உண்டு. மருந்துச்சீட்டிலும் சான்றிதழிலும் அவ்வெண்ணைக் குறிக்கவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவ்வெண்ணைப் பார்ப்போர் எத்தனை பேர்? 'மருத்துவர் குமார் தளைப்படுத்தப்பட்டார்' என்று ஒரு செய்தித்தாள் வெறும் பெயரை வெளியிட்டால், அப்பெயருடைய நேர்மையான மருத்துவர் ஒவ்வொருவர் வாயிலிலும் அன்று ஐயம் வந்து நிற்கும். மறுபுறம், போலி மருத்துவன் ஒருவன் அதே பெயருடைய மெய்ம்மருத்துவரின் நிழலில் ஒளிந்துகொள்ளவும் இடமுண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பெயரோடு ஊரும் பதிவெண்ணும் சேர்த்துப் படித்தல்.

தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தில் அடைப்பதனால் வருங்கேடு தனியானது. அரன், அறன், அரண் என்பன மூன்று சொற்கள்; மூன்று பொருள்கள். ஆங்கில எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும். வளவன் சோழன், வலவன் தேரோட்டி. ஆங்கிலத்தில் இருவர்க்கும் ஒரே எழுத்துக்கூட்டு. இதற்கு மறுதலையாய், அன்பழகன் என்னும் ஒரு பெயரின் ழகரத்தை ஒருவர் ஒருவாறும் மற்றவர் வேறுவாறும் எழுத, ஒரே ஆள் இரண்டு மூன்று ஆளாகின்றார். பலரை ஒருவராக்கலும் ஒருவரைப் பலராக்கலும் ஆகிய இரு தீங்கும் ஒரே செயலால் விளைகின்றன.

முதலெழுத்தின் நிலையும் அதுவே. ஆங்கிலத்தின் ஓரெழுத்தில் கண்ணன், காளி, கிள்ளி, குப்பன், கோவலன் ஆகிய தந்தையர் ஐவரும் அடங்கிவிடுவர். தமிழிலோ க., கா., கி., கு., கோ. என ஐவரும் ஐந்து எழுத்தாய் விளங்கித் தோன்றுவர். இருபத்தாறு எழுத்துடைய வேற்றுமொழி எங்கே? உயிர்மெய் மட்டுமே இருநூற்றுப் பதினாறு உடைய தமிழ் எங்கே? முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதுமாறு 2021-ஆம் ஆண்டு திசம்பரில் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. அதனை மொழிப்பற்றுக்கான ஆணை என்று மட்டும் கருதவேண்டா. ஆளைத் தெளிவுறக் காட்டுவதற்கும் அதுவே வழி.

தந்தை பெயரைக் கொண்டு அறியப்படுதல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐசுலாந்து நாட்டாரும் பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லாதவரே. அவர்கள் மேலைநாட்டுப் படிவத்திற்காகத் தம் மரபை விடவில்லை. அங்கு வெளிவந்த தொலைபேசிப் பெயரேட்டில் மக்களை இயற்பெயர் வரிசையிலேயே அடுக்கினர். ஒரே பெயருடையாரைப் பிரித்தறியத் தொழிலையும் குறித்தனர். ஒரு சிறு நாடு தன் மரபுக்கேற்ப ஏட்டை அமைத்துக்கொண்டது. ஏழரைக் கோடி மக்கள் அளவுள்ள தமிழ்நாடு ஏட்டுக்கேற்ப மரபை வளைக்கவேண்டுமா?

இவ்வூர்ப் பொறியியற் கல்லூரிகளிற் பயின்று வெளிநாடு செல்லும் இளைஞர்க்கும் இது பொருந்தும். ஆய்விதழ்களில் கடைப்பெயரையே ஆசிரியர் பெயராகக் குறிப்பதால், மகன் எழுதிய கட்டுரை தந்தை பெயரால் வழங்குகின்றது. இம்மயக்கம் தீர 2012-ஆம் ஆண்டு முதல் 'ஆர்க்கிட்' என்னும் பதினாறு இலக்க எண் ஆய்வாளர்க்கு வழங்கப்பெறுகின்றது. எண் வேண்டுவதே. ஆயினும் எண் ஆளைப் பிரிக்குமேயன்றி, அவர் எவ்வூரார், யார் மக்கள், என்ன செய்தார் என்று கூறாது. அதனைக் கூறுவது பெயரும் அதன் அடையுமே.

ஆகலின் செய்யவேண்டுவன இவை. பிறப்புச் சான்று முதல் தொழிற்பதிவு வரை தமிழ்ப்பெயர் தமிழெழுத்தில் முதற்கண் நிற்கவேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டு அதற்குத் துணையாய், ஒருமுறை வரையறுத்தபின் மாறாததாய் இருக்கவேண்டும். படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வற்புறுத்தாது, தாய் அல்லது தந்தை பெயர்க்கு உரிய இடம் தரவேண்டும். தொழிற்பதிவேடுகள் பெயர், ஊர், பதிவாண்டு, பதிவெண் ஆகியவற்றை ஒருங்கே காட்டவேண்டும். குற்றச்செய்தி வெளியிடும் இதழ்கள் வெறும்பெயரை வீசலாகாது. தொழிலாளத் தோழர்கள் தத்தம் ஏடுகளைச் சிக்கல் வருமுன்னரே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளவேண்டும். படித்த இளைஞர் அதற்குத் துணைநிற்கவேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். தமிழில் பெயர்க்குப் பஞ்சமில்லை. திரைப்படம் ஒன்று ஓடிய ஆண்டில் தெருவெல்லாம் ஒரே பெயராவது எதற்கு? பழந்தமிழ் நூல்களைத் திறந்தால் எழினி, நன்னன், வெண்ணி, குமணன், ஆதிமந்தி எனப் பெயர்கள் வரிசையாய்க் காத்திருக்கின்றன. பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் இடுங்கள். அதன்முன் தமிழ் முதலெழுத்தை இடுங்கள். ஏடு அதனைப் பிழையாய் எழுதினால், திருத்தும்வரை அவ்விடம்விட்டு அகலாதீர்கள்!