ஆங்கிலத்தை எதனால் அளப்பது?



இந்தத் தொடரிலே நாம் வழக்கமாக ஒரு நூலையோ ஓர் எழுத்தாளரையோ எடுத்துக்கொண்டு பேசுவோம். இன்று சற்று விலகி, வினாத்தாள்களைப் பற்றிப் பேசலாம் என நினைக்கிறேன். வினாத்தாளுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நம்மிற் பலர் ஆங்கில இலக்கியத்தை முதன்முதலிற் சந்தித்தது ஒரு பரீட்சைக்காகத்தான். அந்தப் பரீட்சை எதைக் கேட்டதோ அதுவே இலக்கியம் என்று எண்ணிக்கொண்டோம். அது கேளாமல் விட்டதை ஆசிரியரும் கற்பிக்கவில்லை, நாமும் கற்கவில்லை.

கல்லூரி மாணவர் ஒருவரின் ஆங்கிலத்தை மூன்று வகையாகச் சோதிக்கிறார்கள். இலக்கியம் ஒன்று, இலக்கணம் ஒன்று, தொடர்பாடல் திறன் ஒன்று. இன்று இவை மூன்றும் மூன்று தனிப் பாடங்கள். ஆசிரியரும் வேறு, வினாத்தாளும் வேறு. ஆனால் ஒரு காலத்தில் இவை ஒரே பரீட்சைக்குள் இருந்தன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913 ஆம் ஆண்டிலே பிறநாட்டவருக்கென ஓர் ஆங்கிலத் தகைமைப் பரீட்சையை ஆரம்பித்தது. ஆங்கிலத்தைத் தத்தம் நாடுகளிற் கற்பிக்க விரும்பியோருக்கான பரீட்சை அது. மொத்தம் 12 மணித்தியாலங்கள். பிரெஞ்சு அல்லது ஜேர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து அம்மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு, இலக்கண வினாக்கள், 2 மணித்தியாலக் கட்டுரை, 3 மணித்தியால இலக்கிய வினாத்தாள், ஒலியியல். இவை போதாவென்று சொல்வதெழுதல், வாசிப்பு, உரையாடல் என ஒரு மணித்தியாலம் வேறு. கட்டுரைத் தலைப்புகளில் ஒன்று 1857 ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சி. இன்னொன்று மத்தியூ ஆர்னல்ட். தோற்றியவர்கள் மூன்றே மூன்று பேர். மூவருமே சித்தியெய்தவில்லை!

அந்தப் பரீட்சை நியாயமானதென்று நான் வாதாட வரவில்லை. வேலை வெட்டி இல்லாத கனவான்களுக்கென்று ஆக்கப்பட்டதுபோலத்தான் அது தெரிகிறது. ஆனால் அதன் இலக்கணப் பகுதியிலே எனக்குப் பிடித்த ஒரு வினா உண்டு. சில வாக்கியங்களைத் தந்து, காரணம் காட்டித் திருத்துமாறு, அல்லது அவை சரியென நியாயப்படுத்துமாறு கேட்டிருந்தார்கள். 'அல்லது நியாயப்படுத்துக' என்ற அந்தப் பகுதியைக் கவனியுங்கள். இலக்கணம் என்பது வாதிடக்கூடிய விடயம் என்றும், மாணவருக்கும் ஒரு பக்கம் இருக்கலாம் என்றும் அந்த வினா ஒப்புக்கொள்கிறது. நமது பரீட்சைகளிலே கீறிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். நிரப்பிய சொல் சரியா பிழையா என்பதோடு கதை முடிந்துவிடும்.

பின்வந்த காலத்திலே மூன்றும் பிரிந்தன. அதற்கு ஒரு காரணம் எண்ணிக்கை. மூன்று பேருக்கு உரையாடற் பரீட்சை வைக்கலாம். முப்பதாயிரம் பேருக்கு எப்படி வைப்பது? ரொபர்ட் லாடோ 1961 இல் மொழிப் பரீட்சை பற்றி எழுதிய நூலிலே, மொழியைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கும் வழியை விளக்கினார். 1964 இல் ஆரம்பமான டோஃபல் பரீட்சையும் அந்த வழியிலேயே சென்றது. முழுவதும் பல்தேர்வு வினாக்கள். மாணவர் வாய் திறக்கவும் வேண்டியதில்லை. ஒரு பந்தி எழுதவும் வேண்டியதில்லை. பேச்சு அந்தப் பரீட்சையின் கட்டாயப் பகுதியானது 2005 இல்தான்.

நமது நாட்டுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880 இல் இலங்கைக்கு வந்தன. அன்றிலிருந்து ஆங்கிலப் பரீட்சையே உத்தியோகத்துக்கான வாசல். 1956 இன் பின்னர் சுயபாஷைக் கல்வி வலுப்பெற, ஆங்கிலம் இரண்டாம் மொழியாயிற்று. அத்துடன் மாணவர்களும் இரண்டு வகையாயினர். ஆங்கில இலக்கியத்தைப் பாடமாக எடுப்போர் பெரும்பாலும் நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள். மற்றெல்லோருக்கும் இலக்கணப் பயிற்சியும் கிரகித்தலும். உயர்தரத்திலே பொது ஆங்கிலம் என்றொரு பாடம் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளிக் கணக்கில் அது சேர்வதில்லை. சேராத பாடத்துக்கு மாணவர் எவ்வளவு நேரம் ஒதுக்குவார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இலக்கியப் பரீட்சை பற்றிப் பேசும்போது ஐ. ஏ. ரிச்சர்ட்ஸை விட்டுவிட முடியாது. அவர் 1920 களிலே கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்குச் சில கவிதைகளை அச்சிட்டுக் கொடுத்தார். எழுதியவர் பெயர் இல்லை, காலமும் இல்லை. ஒரு வாரம் வைத்திருந்து, மனதிற் பட்டதை எழுதித் தாருங்கள் என்றார். வந்த குறிப்புகளை ஆராய்ந்து 1929 இல் 'பிரக்டிகல் கிறிட்டிசிசம்' என்ற நூலை வெளியிட்டார். கவிதைகள் மொத்தம் 13. ஜோன் டன், ஹொப்கின்ஸ், டி. எச். லோரன்ஸ் ஆகியோரின் கவிதைகளும் அவற்றுள் இருந்தன. இன்று யாரும் நினைவில் வைத்திராதவர்களின் கவிதைகளும் இருந்தன. பெயர் தெரியாதபோது மாணவர்கள் தடுமாறினார்கள். நேரடிப் பொருளைக்கூடச் சிலர் விளங்கிக்கொள்ளவில்லை. பெரிய கவிஞரைத் தாழ்த்தினார்கள். சாதாரணக் கவிதையை உயர்த்தினார்கள். இவர்களுட் பெரும்பாலானோர் ஆங்கிலத்தையே சிறப்புப் பாடமாகப் படித்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஈ. எஃப். சி. லுடோவைக் கேம்பிரிட்ஜிலே ஆராய்ச்சி செய்து திரும்பியவர். முன்பின் கண்டிராத கவிதையைத் தந்து, அதை வாசித்து எழுதச் சொல்லும் முறை அவராலும் அவரது மாணவர்களாலும் நம்மிடையே பரவியது. நல்ல முறைதான். பாடக்குறிப்பு இங்கே உதவாது. ஆனாலும் நமது டியூட்டரிகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டன. எந்தக் கவிதை வந்தாலும் எழுதத்தக்க பத்து வசனங்களைப் பாடமாக்கிக் கொடுத்துவிடுவார்கள். கவிஞர் படிமங்களைத் திறம்படக் கையாள்கிறார், ஓசை நயம் பொருளுக்குத் துணை செய்கிறது, இப்படி. விடைத்தாள்களைத் திருத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நான் ஒரு கட்டிலே இருபதுக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே வசனத்தை, ஒரே எழுத்துப்பிழையுடன் கண்டிருக்கிறேன். அந்த வசனத்துக்கும் புள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அது அந்தக் கவிதைக்கும் பொருந்தவே செய்தது!

இலக்கணம் பற்றியும் நம்மவர் ஒருவர் நுட்பமாக எழுதியிருக்கிறார். 1984 முதல் பத்தாண்டுகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999 இல் வெளியிட்ட நூலிலே அங்குள்ள கலைப்பீட மாணவர்களின் கட்டாய ஆங்கில வகுப்பை விவரிக்கிறார். பாடநூல் அமெரிக்க நகர வாழ்க்கையைக் காட்டும் ஒன்று. வெளியே யுத்தம். மாணவர்கள் அந்த நூலின் ஓரங்களிலே என்னென்ன கீறி வைத்திருந்தார்கள் என்பதை அவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். சினிமாப் பாட்டு, நண்பருக்குச் செய்தி, காதல் வாசகம், அன்றைய அரசியல் எல்லாம் அங்கே இருந்தன. மாணவர்களின் உயிர்ப்பான மொழி ஓரத்தில், பாடம் நடுவில். இவ்வளவும் இருந்தும், அந்த மாணவர்கள் ஆசிரியரிடம் விரும்பிக் கேட்டவை இலக்கண விதிகளும் பரீட்சைக்கு உதவும் குறிப்புகளுமே. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பரீட்சை கேட்டதைத்தானே அவர்களும் கேட்டார்கள்.

இனி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பு முடிந்து செல்லும் மாணவி ஒருத்தி ஆசிரியரிடம், 'ஐ வில் கோ அண்ட் கம், சேர்' என்கிறாள். இலக்கணப் பரீட்சகர் இதில் ஒரு பிழையும் காணமாட்டார். எழுவாய், துணைவினை, வினை எல்லாம் ஒழுங்கு. தொடர்பாடற் பரீட்சகர் முகம் சுளிப்பார். கேட்கும் வெளிநாட்டார் அவள் இன்னும் சற்று நேரத்தில் திரும்பி வருவாள் என்று காத்திருக்கக்கூடும். இலக்கிய ஆசிரியருக்கோ அந்த வாக்கியம் ஒரு சொத்து. போறன் என்று சொல்லாமல் போயிட்டு வாறன் என்று சொல்லும் ஒரு சமூகம் அதற்குள் இருக்கிறது. இலங்கையர் ஆங்கிலத்தில் எழுதும் கதையிலே ஒரு பாத்திரம் இப்படிப் பேசினால் நாம் பாராட்டுவோம். ஒரே வாக்கியத்துக்கு மூன்று தீர்ப்புகள். அந்த மாணவிக்கு மூன்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க ஒருவருமில்லை.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று அர்த்தம். பேராதனையிற் பணியாற்றிய திரு கந்தையா 1984 இல் வெளிவந்த ஒரு கட்டுரையிலே இந்தச் சொல்லை எடுத்து விரிவாக ஆராய்ந்தார். வாள் வெட்டுவது பெரும்பாலும் பேசும்போதுதான். எழுத்துப் பரீட்சையிலே திறமைச் சித்தி பெற்றவரும் நேர்முகப் பரீட்சை அறைக்குள் வாய் திறந்தவுடன் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்பது தெரிந்துவிடுகிறது. பேச்சைப் பரீட்சிக்க வேண்டும் என்று நாம் சொல்லும்போது இந்த ஆபத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உச்சரிப்புக்குப் புள்ளி போடும் பெயரில் பிறப்புக்குப் புள்ளி போட்டுவிடலாம்.

2005 ஆம் ஆண்டளவில் ஆங்கில டிப்ளோமா மாணவர்களுக்கான வாய்மொழிப் பரீட்சை ஒன்றிலே மூன்று பரீட்சகர்களுள் ஒருவனாக இருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். மாணவருக்கு ஒரு கவிதையைக் கொடுத்து, பத்து நிமிடம் வாசிக்கவிட்டு, பிறகு பேசச் சொல்வோம். அன்று கொடுத்தது ஹொப்கின்ஸின் 'ஸ்பிரிங் அண்ட் ஃபோல்'. இலைகள் உதிர்வதைக் கண்டு துயருறும் ஒரு சிறுமியைப் பற்றியது. வடக்கிலிருந்து வந்த ஒரு மாணவி. எழுத்துப் பரீட்சையிலே நல்ல புள்ளிகள். ஆனால் எங்கள் முன்னால் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. கவிதையின் படிமங்களைப் பற்றி ஒருவர் கேட்டார். பாடமாக்கிய வசனம் ஒன்று வந்தது; பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை எதற்காக அழுகிறாள் என்று நான் கேட்டேன்.

அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு. வலிகாமத்திலிருந்து மழையில் நடந்து போகிறார்கள். அவிழ்த்துவிட்டு வந்த ஆட்டுக்குட்டிக்காகத் தம்பி வழியெல்லாம் அழுதானாம். இப்போது வளர்ந்துவிட்டான். ஆட்டுக்குட்டியே அவனுக்கு நினைவில்லை. அழுதது மட்டும் நினைவிருக்கிறது என்கிறானாம். இந்தக் கவிதையிலுள்ள பிள்ளையும் வேறு எதற்கோ அழுகிறாள், அது என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது என்று முடித்தாள். இறந்தகாலம் வரவேண்டிய இடத்தில் நிகழ்காலம் வந்தது. 'த' என்ற சொல் வேண்டிய இடத்தில் இல்லை. வேண்டாத இடத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கவிதையைப் பற்றி அன்று நாங்கள் கேட்ட விளக்கங்களில் அதுவே மிகச் சரியானது.

எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். இலக்கணம் இவ்வளவு மோசமாக இருக்கையில் எப்படிப் புள்ளி கொடுப்பது என்றார் ஒருவர். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நாளைக்கு இந்த மாணவி ஒரு வகுப்பறையில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவள். மற்றவர் எங்களுக்குத் தந்திருந்த புள்ளிப் படிவத்தைக் காட்டினார். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம் என நான்கு நிரல்கள் இருந்தன. கவிதையை விளங்கிக்கொண்டாள் என்று எழுத அதில் இடமே இல்லை. கடைசியில் மட்டுமட்டாகச் சித்தி பெற்றாள்.

என் அபிப்பிராயத்தில், மூன்றையும் சேர்த்துச் சோதிப்பது கஷ்டமான காரியமன்று. பெயர் குறிப்பிடாத ஒரு சிறு கவிதை அல்லது கதைப் பகுதி. முதலில் அதைப் பற்றி உரையாடல். பிறகு உரையாடலிற் சொன்னதையே எழுதித் தரச் சொல்லலாம். அங்கேதான் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். பேசும்போது தடுமாறும் காலங்கள் எழுதும்போது சரியாக வருகின்றனவா என்பது அப்போது தெரியும். அந்த 1913 ஆம் ஆண்டுப் பரீட்சையைப் போல, தன் வாக்கியமொன்றைத் திருத்தவோ நியாயப்படுத்தவோ மாணவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்கலாம். கவிதைகள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய அவசியமுமில்லை. இலங்கையரின் ஆங்கிலக் கவிதைகளும் கதைகளும் போதியளவு இருக்கின்றன.

இதற்கு நேரம் எங்கே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் பார்த்தேன். 200 மாணவர்கள், ஒருவருக்கு 15 நிமிடம், மொத்தம் 50 மணித்தியாலம். அதே 200 பேரின் 3 மணித்தியால விடைத்தாள்களைத் திருத்த, தாளொன்றுக்கு 20 நிமிடம் வைத்தாலும், 66 மணித்தியாலத்துக்கு மேற் பிடிக்கிறது. அதற்கு நேரமில்லை என்று இதுவரை எந்தக் கல்லூரியும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.