தரையிலிருந்து தொடங்குவோம்



அழிந்துபோன பறக்கும் ஊர்வன விலங்கான டெரோசார் என்றதுமே நம் கண் சிறகுக்குப் போய்விடுகிறது. அதில் வியப்பில்லை. நான்காம் விரல் ஒன்று மட்டும் உடம்பைவிட நீளமாக வளர்ந்து, அதிலிருந்து தோல்படலம் விரிந்து, படலத்துக்குள் நுண்ணிழைகள் ஓடி விறைப்புக் கொடுக்கும் அமைப்பு வேறெந்த முதுகெலும்பிக்கும் வாய்க்கவில்லை. ஆனாலும் இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் நாம் தரையிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எப்படி நின்றது, எப்படி நடந்தது என்று தெரியாத விலங்கு எப்படிக் கிளம்பியது என்று சொல்ல முடியாது.

1957இல் வில்லியம் ஸ்டோக்ஸ் அரிசோனாப் பாறையில் கண்ட சுவடுகளை டெரோசாருடையவை என்றார். 1984இல் கெவின் பேடியனும் பால் ஓல்சனும் அவை முதலையினத்தின் தடங்கள் என்று மறுத்தார்கள். பேடியனின் பார்வையில் டெரோசார், பறவையைப் போல் இரு காலில் நடந்த விலங்கு. நடை பற்றிய இந்த வழக்கைத் தீர்த்து வைத்தவற்றுள் முக்கியமானது தென்மேற்குப் பிரான்சின் கிரேசாக். ஜுராசிக் காலத்தின் இறுதியில் அது கடலோரச் சேற்றுவெளி. அங்கே நீண்ட பின்பாதச் சுவடும், அதற்கு வெளிப்புறமாக மூன்று விரல் கைச்சுவடும் மாறி மாறிச் செல்கின்றன. சிறகுவிரலை மடித்துத் தூக்கிக்கொண்டு டெரோசார் நான்கு காலில் நடந்திருக்கிறது.

அவற்றுள் ஒரு தடத்தருகே சற்று நில்லுங்கள். முன்தொடர்ச்சி எதுவுமில்லாமல் அது தொடங்குகிறது. இரு பின்பாதங்களும் அருகருகே பதிந்து, நகங்கள் சேற்றை இழுத்திருக்கின்றன. அடுத்து, குறுகிய ஒரு தத்தல். பிறகுதான் கைகள் ஊன்றுகின்றன. அங்கிருந்து சாதாரண நடை. வானிலிருந்து இறங்கிய நொடி அது! உடலை நிமிர்த்தி, சிறகாலேயே வேகத்தைத் தணித்து இறங்கியிருக்கிறது. 2009இல் இதை வெளியிட்ட மூவரில் பேடியனும் ஒருவர். சான்று வந்தபோது அதன் பக்கம் நின்ற அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நான்கு கால் நடை உறுதியானதும் கிளம்புதல் பற்றிய கேள்வியே மாறிவிட்டது. 1971இல் டக்ளஸ் லாசன் டெக்சாஸின் பிக் பெண்டில் கண்டெடுத்த கெட்சால்கோட்லஸ் என்ற டெரோசாருக்குச் சிறகு விரிப்பு 10 மீட்டர் அளவு. எடை 200 கிலோவுக்கு மேல் என்பது பலரின் மதிப்பீடு. பறவை காலால் எம்பிக் கிளம்புகிறது. டெரோசாருக்கோ மேற்கை எலும்பு தொடையெலும்பைவிடப் பன்மடங்கு வலுவானது. ஆகவே கைகளை ஊன்றியே எம்பியது என்றார் மைக்கேல் ஹபீப், 2008இல். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. மறுப்பவர்களுக்கும் இந்த மேடையில் இடம் உண்டு.

இரு தரப்புக்கும் ஒரே வேண்டுகோள். டெரோசார் எலும்பின் சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்தான்; பெரும்பாலும் நசுங்கியே கிடைக்கிறது. நசுங்கிய எலும்பின் விட்டத்தை அப்படியே வலிமைக் கணக்கில் போட்டால் விடை பிசகும். எந்த எலும்பில், எந்த இடத்தில் அளந்தீர்கள் என்பதைக் கட்டுரையில் மறவாமல் சொல்லுங்கள். தடங்கள் பற்றிய முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.