பாம்பு, பந்து, கோபக்காரப் பறவை

இந்த எபிசோடை சுங்குவார்சத்திரத்துல ஒரு டீக்கடை வாசல்ல இருந்து பேசறேன். எங்க கேம் டீம்ல மொத்தமே மூணு பேர். படம் வரையற நண்பன் இங்க ஒரு ஃபேக்டரியில ஷிஃப்ட் பார்க்கறான். அதனால மீட்டிங் எப்பவும் அவன் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நேரம்தான்.

எங்க முதல் மொபைல் கேம் சுமாரா ஓடிச்சு. இப்போ ஒரு பப்ளிஷர், "இரண்டாம் பாகம் பண்ணுங்க, பணம் தர்றோம்"னு கேட்கறாங்க. கையில வேற ஒரு புது ஐடியாவும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பண்ண ஆள் இல்ல.

இதைப் பேச இந்த ரோடு பொருத்தமான இடம். 2006லேர்ந்து 2014 நவம்பர் வரைக்கும் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி ஓடிச்சு. நம்மள்ல பல பேர் முதல்ல விளையாடின கேமே நோக்கியா போன்ல இருந்த பாம்புதானே? 1997ல 6110 போன்ல வந்தது. 2000ல 3310ல ஸ்னேக் 2. இப்போ பாம்பு ஓரத்துல முட்டிச் சாகாம அந்தப் பக்கமா வெளிய வரும். சின்ன மாற்றம்தான், ஆனா நாம மணிக்கணக்கா விளையாடினோம். அதனால இரண்டாம் பாகம்னாலே சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன்.

பந்தோட கதை வேற. குதிக்கிற சிவப்புப் பந்து, பவுன்ஸ், ஞாபகம் இருக்கா? அந்த வரிசையில 2008ல வந்த பவுன்ஸ் டேல்ஸை நோக்கியாவுக்காகச் செஞ்சது ஃபின்லாந்துல இருந்த ரோவியோங்கற சின்ன ஸ்டுடியோ. உழைப்பு அவங்களோடது, பந்து நோக்கியாவோடது. இப்படி அடுத்தவங்களுக்கும் தங்களுக்குமா 51 கேம் பண்ணாங்க. 52வது, சொந்த ஐடியா. 2009 டிசம்பர்ல ஐபோன்ல வந்த ஆங்க்ரி பேர்ட்ஸ். (அந்த ஐபோனைத்தான் இப்போ இதே ஏரியாவுல அசெம்பிள் பண்றாங்க. காலம்!)

அதுக்கப்புறம் ரோவியோவும் சீசன்ஸ், ரியோ, ஸ்பேஸ்னு பறவை மேல பறவையா விட்டுச்சு. 2015ல ஆங்க்ரி பேர்ட்ஸ் 2 வந்தது, அதே வருஷம் ஆட்குறைப்பும் வந்தது. 2023ல சேகா கம்பெனியை வாங்கிடுச்சு. பறவைக்கு நிகரா இன்னொரு பேர் அவங்ககிட்டேர்ந்து வரவே இல்ல.

எங்க ஒப்பந்தத்துல என்னை உறுத்தின வரி ஒண்ணுதான். கேமோட பேரும் கேரக்டரும் பப்ளிஷருக்குப் போயிடும். அதாவது நாங்க பந்து செய்யற ஆளா ஆயிடுவோம். வேண்டாம்டான்னேன். நண்பன் கடுப்பாயிட்டான். "மச்சான், நீ லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து தத்துவம் பேசுவ. எனக்குக் காலையில அஞ்சரைக்கு கம்பெனி பஸ். இந்தப் பணம் வந்தா ஆறு மாசம் நான் அந்த பஸ்ல ஏற வேண்டாம்."

எனக்குப் பதில் இல்ல. ரெண்டாவது டீ வந்தது.

கடைசியில மூணு பேரும் சேர்ந்து ஒரு மெயில் எழுதினோம். இரண்டாம் பாகம் பண்றோம், பணத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கூடக் கொடுங்க, பேர் எங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் புது ஐடியாவுக்கு.

பதில் இன்னும் வரல. நண்பன் நாளைக்கும் பஸ்ஸுக்குப் போறான்.