நோர்ஹாம் கார்டன்ஸ் வீடு



ஒக்ஸ்போட்டில், நோர்ஹாம் கார்டன்ஸ் வீதி முடிவில், ஒரு குடும்பம் வாழ்வதற்கேற்ற விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு. 1879 ஒக்டோபரில் ஒன்பது பெண்கள் அங்கே படிக்க வந்தார்கள். அதுவே லேடி மார்கிரட் ஹோல் கல்லூரியின் தொடக்கம். முதல் அதிபர் எலிசபெத் வேட்ஸ்வேர்த்.

ஏன் வீடு? பெண்பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பயந்த பெற்றோரும் இன்னொரு வீட்டுக்கென்றால் சற்று இளகுவார்களே! விரிவுரைக்குப் போகவும் துணைக்கு ஒரு பெண்மணி வேண்டும். (நமது விடுதிக்காலம் நினைவு வருகிறதா?)

இடம் போதாமல் புதுக் கட்டடங்கள் எழுந்தன. பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. நாற்பத்தொரு வருடங்கள்! 1920இல்தான் பட்டம் வழங்கினார்கள். முன்னர் சித்தியடைந்தவர்களும் பெறலாம் என்றதும், தலை நரைத்தவர்களும் அங்கி அணிந்து வரிசையில் வந்து நின்றார்கள்.