பழைய பார வண்டிகளும் டீசல் சிக்கனமும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலுக்குப் பார வண்டிகள் இன்றியமையாதவை என்பது யாவரும் அறிந்ததே. 1986-ல் வெளிவந்த டாட்டா 407 போன்ற வண்டிகளை இரண்டாங் கையாகவோ மூன்றாங் கையாகவோ வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்போர் இப்பிரதேசத்தில் உண்டு. கடன் தவணையும் ரிப்பேர்ச் செலவும் போக மிஞ்சுவதே அவர்கள் குடும்பத்தின் ஆகாரம். அம்மிச்சத்தை அதிகமாய்க் கரைப்பது டீசல். வாடகையை உயர்த்துவது வண்டிக்காரர் கையில் இல்லை. விரயத்தைக் குறைப்பது அவர் கையில் உண்டு.

1941-ல் யுத்தத்தின் பொருட்டுப் பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டபோது, இம்மாகாணத்துப் பஸ்களும் லாரிகளும் கரிவாயுவினால் ஓடின. அவ்வாயுவில் எஞ்சினுக்கு வலிமை குறைவு. மேட்டில் வண்டி திணறும். அக்காலத்தில் ஒவ்வொரு காலனுக்கும் கணக்கு இருந்தது. பங்கீடு ஒழிந்தபின் கணக்கு எழுதும் வழக்கமும் பலரிடம் ஒழிந்தது.

ஆகையால் முதற் காரியம் கணக்கு. டாங்கியை நிரம்ப நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்க. மறுமுறை அதே பம்பில் நிரப்பும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க. 360 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் ஆனால், லிட்டருக்கு 9 கிலோமீட்டர். இதுவே 10 ஆகுமானால், மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 33 லிட்டர் மீதமாகும். ஒரு நடையைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. நாலைந்து முறை பார்த்தபின்னரே உண்மை விளங்கும். கணக்கு திடீரென்று இறங்குமாயின் வண்டியில் நோய் உண்டென்று அறிக.

அந்நோய்கள் பெரும்பாலும் சாமானியமானவை. டயரில் காற்றுக் குறைந்தால் வண்டி இழுவை கொடுக்கும்; புறப்படுமுன், டயர் சூடேறாதபோதே காற்றை அளக்க வேண்டும். புழுதி அடைத்த காற்று வடிகட்டியால் எஞ்சின் மூச்சு முட்டும். கரும்புகை என்பது முழுதும் எரியாத டீசலே. வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் உடனே சோதிக்க வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் சக்கரம் எது என்பதை, ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

ஓட்டும் முறையிலும் லாபம் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைவிட 80-ல் அது முக்கால் பங்குக்குமேல் மிகுகிறது. தளர்ந்து படபடக்கும் தார்ப்பாயும் அதனை மிகுவிக்கும். சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் எஞ்சினை நிறுத்துக. பேரணாம்பட்டிலிருந்து வி. கோட்டை செல்லும் மலைப்பாதையில் நியூட்ரலில் இறங்குவது சிக்கனமென்று சிலர் எண்ணுவர். அது தவறு, அபாயமுமாம். கியரில் இறங்கும்போது எஞ்சின் வண்டியைத் தடுக்கும். பம்பும் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும்.

இனி, தோல் வட்டாரத்திற்கே உரிய விஷயம் ஒன்று. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுகிறார்கள். தோலில் ஊறிய உப்பு அவசியம். மேலே தளர்ந்து கிடப்பது வீண் பாரம். இரண்டு டன் பாரத்தில் தட்டி உதிர்க்கக்கூடிய உப்பு 100 கிலோ என்று கொள்வோம். 20 நடைகளில் 2 டன். அதாவது, ஒரு முழு நடை உப்பை ஏற்றவே ஓடியதாகும். ஏற்றுமுன் தோலை உதறச் சொன்னால் டீசலும் மிஞ்சும். தொட்டியில் கரைந்து பாலாற்றுக்கு உபத்திரவமாகும் உப்பும் அவ்வளவுக்குக் குறையும். உதிர்ந்த உப்பை நிலத்தில் கொட்டலாகாது.

வெறும் வண்டியாய்த் திரும்புவது இதனினும் பெரிய நஷ்டம். சென்னைக்குச் சரக்கேற்றிச் செல்பவர், திரும்புகாலுக்கு என்ன கிடைக்குமென்பதைப் புறப்படுமுன்னரே விசாரித்து, அயல் வண்டிக்காரருடன் கலந்து ஏற்பாடு செய்துகொள்ளல் நலம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, எத்தனை டன் கூலிச் சரக்கு போயிற்று என்பதும் கணக்கில் ஏற வேண்டும்.

மண்ணெண்ணெய் கலப்பதால் செலவு குறையுமென்று சொல்வாரை நம்பற்க. அதற்கு வழவழப்புக் குறைவு. ஆகையால் பம்பும் இன்ஜெக்டரும் தேயும். பழைய எஞ்சின் புதியதாகிவிடாது. ஆனால் காற்று, வடிகட்டி, வேகம், பாரம் ஆகிய நான்கையும் கவனித்தால் வீணாகிறது நிற்கும். ஓர் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வண்டியிலேயே இருக்கட்டும். அடுத்த முறை டாங்கி நிரப்பும்போதே முதல் வரியை எழுதுவீர்களாக.